அப்பாவின் படத்துக்கு வந்த மாலை

எங்கள் வீட்டில் அப்பாவின் படம் ஒருநாளும் சுவாமித்தட்டுக்குப் பக்கத்தில் இருந்ததில்லை. கனடாவில், ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த அடுக்குமாடி வீட்டின் முன்னறைச் சுவரில், என்னுடைய பட்டமளிப்புப் படத்துக்கும் பலசரக்குக் கடைக்காரர் தந்த நாட்காட்டிக்கும் நடுவே, உயிரோடு இருப்பவர்களின் வரிசையில் அது தொங்கியது. அடையாள அட்டைக்காக எடுத்த சின்னஞ்சிறு கறுப்பு வெள்ளைப் படம் அது. படம் எடுத்தவரை நம்பாதவர்போல அப்பா கண்ணைச் சற்று இடுக்கிக்கொண்டிருப்பார். அதற்கு மாலை கிடையாது. முன்னால் விளக்கு கிடையாது. சட்டத்தின் கண்ணாடியில் சந்தனப் பொட்டு கிடையாது. எங்கள் ஆட்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் கதிரையில் அமர்வதற்கு முன்பே கண்ணால் சுவரை ஒருமுறை சுற்றிவருவார்கள். மாலை போட்ட படம் இருந்தால் குரல் தானாகத் தாழும். எங்கள் வீட்டில் மாலை இல்லாத ஆணின் படமும், நெற்றியில் குங்குமத்தோடு தேநீர் கொண்டுவரும் பெண்ணும் இருந்ததால், "அவர் வேலைக்கோ?" என்று கேட்பார்கள். "அவர் இன்னும் வரல்ல" என்பார் அம்மா. அது பொய் இல்லை.

அப்பா ஊரில், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறத்தியாரின் வயலில் வேலை செய்தவர். நான் ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு காலை, தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு படகுத் துறையடிக்குப் போனார். துறையில் ஒரு வாகனம் நின்றதாக ஒருவர் சொன்னார். அப்படி ஒன்றும் நிற்கவில்லை என்று அதே ஆள் அடுத்த கிழமை சொன்னார். அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது, இன்றுவரைக்கும். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ராணுவ முகாம் முகாமாகப் போனார். எந்த வாசலிலும் அவர் அழுததாக எனக்கு நினைவில்லை. "இவரக் கண்டீங்களா?" என்று படத்தை நீட்டுவார், பதிலைக் கேட்பார், திரும்புவார். சில வருடங்களில் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, எங்களைக் கனடாவுக்கு எடுப்பித்தார். விமானத்தில் அம்மா அந்தப் படத்தைக் கடவுச்சீட்டோடு சேர்த்து நெஞ்சுக்குள் வைத்திருந்தார்.

அம்மா தன் பெயரை எழுதப் பழகியது கனடாவில்தான். எங்கள் குடும்பத்தில், அம்மாவின் பக்கத்திலும் அப்பாவின் பக்கத்திலும், பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை படித்த முதல் ஆள் நான். பட்டம் எடுத்ததும் நான்தான் முதலில். இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. கூச்சப்படுகிற அளவுக்கு அது இலகுவாகக் கிடைத்ததல்ல. இன்றைக்கு நான் சட்ட உதவி நிலையமொன்றில் வேலை செய்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் கண்களைப் பார்த்துப் பேசத் தெரிந்த பெண். அந்த நிமிர்வை எனக்கு வாங்கித் தந்தது அம்மாவின் முதுகு. ஸ்காபரோவின் தொழிற்பேட்டையில் ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலை இருக்கிறது. ஹோட்டல்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் இருந்து வரும் படுக்கை விரிப்புகள் மலை மலையாக அங்கே வந்து விழும். அம்மா அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டுக்கு வந்து என் கன்னத்தைத் தொட்டால், பனிக்காலத்திலும் அவர் கை சூடாக இருக்கும்.

கழுவிய விரிப்பை இஸ்திரி போடும் இயந்திரத்துக்கு ஒருவரால் ஊட்ட முடியாது. இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, உதறி, இழுத்து, சுருக்கம் விழாமல் ஒரே நேரத்தில் உருளைக்குள் விடவேண்டும். ஒருவர் முந்தினால் துணி கோணலாகப் போகும், இயந்திரம் நிற்கும், மேற்பார்வையாளர் வருவார். அம்மாவுக்கு மற்றப் பக்க மூலைகளைப் பிடிக்க வந்தவர் கயானாவைச் சேர்ந்த ஒருவர். மனைவியை இழந்தவர். அம்மாவைவிடச் சில வயது மூத்தவர், கறுத்து மெலிந்தவர், குளிருக்கு மூன்று சட்டை போடுகிறவர். நான் அவரை அங்கிள் என்றுதான் அழைத்தேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அவர் வேலை செய்யும்போது மெல்லப் பாடிக்கொண்டிருப்பாராம். இயந்திரத்தின் இரைச்சலில் அம்மா முதலில் அதைக் கவனிக்கவில்லை. ஒருநாள் மின்சாரம் போய், இயந்திரங்கள் அடங்கியபோது, விரிப்பின் மறுமுனையிலிருந்து "தாயே", "மாரியம்மா", "வேப்பிலை" என்று கேட்டிருக்கிறது. அம்மாவின் கையிலிருந்து துணி நழுவிவிட்டது. "யூ டமில்?" என்று கேட்டாராம். அவர் சிரித்து, இல்லை, மதராசி என்றாராம். அவருடைய முன்னோர் யாரோ, கரும்பு வெட்டுவதற்காக மதராசிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். மொழி வழியில் எங்கேயோ கரைந்துவிட்டது, அம்மனும் அம்மன் பாட்டும் மட்டும் கரையவில்லை. ஐம்பது வருடமாகப் பாடுகிறார், ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது.

அன்று அம்மா வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும் முன்பே சிரிக்கத் தொடங்கினார். ஊரைவிட்டு வந்த பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இந்த மனுசன் மாரியம்மனிட்ட என்னத்தக் கேக்காருண்டு தெரியுமா மகள்? மழை கேக்காருகா! வெளிய பனி முழங்கால் உயரத்துக்குக் கொட்டிக் கிடக்கு, இவரு வயல் காயுது, மழையைத் தா தாயே எண்டு கேக்காரு!"

"நீங்க சொல்லிட்டீங்களா, அர்த்தம் இதுதான் எண்டு?"

"சொன்னன். அம்பது வருசமா என்ன கேக்கிறம் எண்டு தெரியாமலே கேட்டிருக்காராம். கண் கலங்கிட்டு."

அப்படித்தான் தொடங்கியது. அவருடையது கயானா ஆங்கிலம், அம்மாவுடையது தொழிற்சாலை ஆங்கிலம். இரண்டிலும் வினைச்சொற்கள் குறைவு, ஆனபடியால் இருவருக்கும் வசதி. அவர் பருப்பை உள்ளே வைத்துச் சுட்ட பூரி கொண்டுவருவார். அம்மா இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் கட்டிக்கொண்டு போவார். அம்மாவின் சம்பலைச் சாப்பிட்டுவிட்டு, இதைக் காரம் என்கிறாயா என்று அவர் தன் மிளகாய்ச் சாந்தை எடுத்து நீட்ட, அம்மா பிடிவாதத்துக்கு ஒரு கரண்டி தின்று மதியம் முழுவதும் விக்கிக்கொண்டு விரிப்புப் பிடித்த கதை எங்கள் வீட்டில் பலமுறை சொல்லப்பட்டது. ஒரு ஞாயிறு அவர்களுடைய கோயிலுக்கும் போனோம். கார் திருத்தும் கடைகளின் வரிசையில், வெளியில் கோயிலென்று சொல்ல ஒன்றுமில்லாத ஒரு கொட்டகை. உள்ளே உடுக்கும் பறையும் அதிர, இளம் பிள்ளைகள்கூடத் தமிழ்ப் பாட்டை ரோமன் எழுத்தில் பார்த்துப் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் வயதான பெண்கள் அம்மாவைச் சுற்றி அமர்ந்து, இந்த வரிக்கு என்ன கருத்து, அந்த வரிக்கு என்ன கருத்து என்று என் மூலமாகக் கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணாகவே தன்னை எல்லா இடத்திலும் அறிமுகம் செய்கிற அம்மா, அன்று கால்மேல் கால் போட்டுக்கொண்டு பதில் சொன்னார். அங்கிள் தூணோடு சாய்ந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைக் கண்டதும் எனக்கு விசயம் விளங்கிவிட்டது.

அவர் கேட்டதை அம்மா உடனே என்னிடம் சொல்லவில்லை. சில கிழமைகள் சோற்றில் உப்புக் கூடியும் குறைந்தும் இருந்தது. பிறகு ஒருநாள், உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல், "அவரு தன்னோட வந்து இரிக்கச் சொல்றாரு" என்றார். நான் அப்பாவின் மகள். முதலில் என் கண் சுவருக்குத்தான் போனது. ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரியும். அம்மாவின் இளமை முழுவதையும் அந்தப் படம் எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சமிருந்த சொற்பத்தையும் அது கேட்பது நியாயமில்லை என்று நினைத்தேன். படித்த பிள்ளை எனக்குச் சட்டம் தெரியும் என்ற மிடுக்கில், காணாமற்போனவரை எப்படி விவாகரத்துச் செய்யலாம், இறந்தவராகக் கருதும்படி நீதிமன்றத்தை எப்படிக் கேட்கலாம் என்று இரண்டு வழியையும் விளக்கினேன். அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஊர்ல அவரப்போலக் காணாமப்போன ஆக்களத் தரச் சொல்லி பொஞ்சாதிமார் இன்னும் ரோட்டில இரிக்காங்க மகள். இஞ்ச நான் கோட்டுக்குப் போய், அவரு எனக்கு வேணாம் எண்டு சொல்லவா? இல்லாட்டி அவரு செத்துட்டார் எண்டு நானே சொல்லவா? எந்த வாயால சொல்ற?"

அம்மா தானாகவே ஒரு வழியைக் கண்டுபிடித்தார். கடதாசி வேண்டாம், தாலி வேண்டாம், கோயிலில் ஒன்றும் வேண்டாம். அங்கிளின் வீட்டுக்குப் போய் ஒன்றாக இருப்பது. கழுத்தில் இருக்கும் பழைய தாலி அப்படியே இருக்கும், நெற்றியில் குங்குமம் இருக்கும். அப்பாவின் படமும் கூட வரும். "அவருக்கு அந்த வீட்டில ஒரு சுவர் வேணும். நாளைக்கு வந்து நிண்டார் எண்டா, ஒங்கள நான் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டல்ல எண்டு சொல்ல ஏலணும்." இதுதான் நிபந்தனை. வேறு எந்த ஆணாவது இதற்கு ஒத்துக்கொண்டிருப்பானா என்று தெரியாது. அங்கிள் யோசிக்கவே இல்லையாம். முன்னறையிலேயே தன் தாய் தகப்பனுக்குப் பக்கத்தில் இடம் தருகிறேன் என்றாராம். தாய் தகப்பனுக்குப் பக்கத்தில் என்று அவர் சொன்னதை அம்மாவும் நானும் மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டோம். அவருடைய வீட்டுச் சுவரை அதுவரை நாங்கள் பார்த்ததில்லை.

இதைப் பெரியப்பாவுக்குச் சொல்லாமல் செய்ய அம்மாவுக்கு மனமில்லை. யூனியன்விலிலிருந்து பெரியப்பாவையும் பெரியம்மாவையும் ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தோம். அங்கிளையும் வரச் சொன்னோம். அம்மா விடிய எழும்பிச் சமைத்தார். நீலக் கரை வைத்த சேலை உடுத்து, கண்ணாடியில் ஒருதரம் பார்த்து, அதைக் கழற்றிச் சாதாரணச் சேலை ஒன்றை உடுத்தார். பெரியப்பா கண்டிப்பானவர், ஆனால் கெட்ட மனிதர் அல்ல. எங்களை இந்த நாட்டில் நிறுத்தியவர். ஒரு அந்நிய ஆண் வீட்டுக்குள் வந்து அமர்ந்ததும் அவருடைய முகம் இறுகியது. பெரியம்மா யாழ்ப்பாணம். குசினிக்குள் வந்து என் காதுக்குள், "உவர் ஆர் பிள்ளை? இந்தியனோ, ஜமேக்காவோ?" என்றார். கயானா என்றேன். "அது எங்கையப்பா கிடக்கு?" என்றார்.

எங்களைக் காப்பாற்றியது கிரிக்கெட். அங்கிள் மேற்கிந்தியத் தீவுகளின் ஆள் என்று விளங்கியதும் பெரியப்பா கதிரையை முன்னுக்கு இழுத்தார். பழைய வேகப்பந்து வீச்சாளர்களைப் பற்றிய பேச்சுத் தொடங்கியது. பெரியப்பா உடைந்த ஆங்கிலத்தில் கையை வீசி வீசிக் காட்ட, அங்கிள் எழுந்து நின்று மட்டையில்லாமல் மட்டை பிடித்தார். குசினியில் பெரியம்மா அப்பளம் பொரித்துக்கொண்டே, "உந்த மனுசனோட கிரிக்கெட் கதைச்சால் காணும், சம்பந்தமே பேசி முடிச்சுப்போடலாம்" என்றார். என்ன விசயத்துக்காக அழைத்திருக்கிறோம் என்பது பெரியம்மாவுக்கு விளங்கிவிட்டது. அம்மாவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்ல மனுசன் மாதிரித்தான் கிடக்கு" என்று அப்பளத்திடம் சொன்னார். அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம். இன்னும் அரை மணித்தியாலத்தில் எல்லாம் நல்லபடி முடிந்துவிடும் என்று நான் நினைத்தேன்.

சாப்பாட்டுக்கு முன்பு அங்கிள் எழுந்தார். வாசலில் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில், கடதாசியில் சுற்றி அவர் கொண்டுவந்த ஒரு பெரிய பொதி சாத்தி வைக்கப்பட்டிருந்தது. ஏதோ பரிசு என்று நினைத்திருந்தோம். அதை எடுத்து மேசையில் வைத்து, கடதாசியைப் பக்குவமாக நீக்கினார். அப்பாவின் படம். முன்பு ஒருதரம் எங்கள் குசினிக் குழாயைத் திருத்த வந்தபோது தொலைபேசியில் படம் பிடித்து, அதைப் பெரிதாக்கி, கீறல்களை நீக்கி, மஞ்சள் நிறச் சட்டம் போட்டிருந்தார். அப்பாவின் முகம் முதன்முறையாக ஒரு மனிதனின் முகத்தளவு பெரிதாக எங்கள் முன்னால் இருந்தது. அந்தச் சட்டத்தைச் சுற்றி, கழுத்திலிருந்து மார்புவரை, சந்தனச் சீவலால் செய்த மாலை.

அவர் படத்தைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து, மாலையை நடுவில் சரிசெய்தார். பிறகு அதற்கு முன்னால் கைகூப்பி நின்று, தன் ஆங்கிலத்தில், "பிரதர், உங்களிடம் கேட்க வந்திருக்கிறேன்" என்றார். அப்பாவிடம் அனுமதி கேட்டார். அவருடைய வீட்டில் சுவாமி, தாய், தகப்பன், கலியாணப் படம், உயிரோடு இருக்கும் பூசாரியார், எல்லோருக்கும் மாலை உண்டு என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அவர்கள் மதிக்கும் ஒருவரின் படம் மாலையில்லாமல் தொங்குவதுதான் அங்கே அவமதிப்பு. கப்பலில் அந்த வழக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது, எங்களிடம் அதற்கிருந்த கருத்து மட்டும் போய்ச் சேரவில்லை.

அம்மா குசினி வாசலில் நின்றார். அவருடைய வலது கை கழுத்துக்குப் போய்த் தாலியைப் பொத்திப் பிடித்தது. பெரியம்மா, "ஐயோ, சிவனே!" என்று வாயைப் பொத்தினார். பெரியப்பா எழுந்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மிக மெதுவாக, தமிழில், அங்கிளுக்கு விளங்காது என்பதையே மறந்து கேட்டார்:

"ஆர் ஒனக்குச் சொன்ன, என்ட தம்பி செத்துட்டான் எண்டு? எங்க கண்ட நீ? சொல்லு, எங்க கண்ட?"

அங்கிள் எங்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தார். நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ கடினமான செய்திகளை மொழிபெயர்த்திருக்கிறேன். அன்று நான் சொன்னது ஒரே ஒரு வசனம்: எங்கள் ஆட்கள் இறந்துபோனவர்களின் படத்துக்கு மட்டும்தான் மாலை போடுவார்கள். அவர் முகம் சாம்பலாகியது. ஆங்கிலத்தில் சொரி, சொரி என்று சொல்லிக்கொண்டு மாலையைக் கழற்றினார். கழற்றியதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. மேசையில் வைக்கப் போனார், அங்கே சோறு இருந்தது. கடைசியில் தன் கோட்டுப் பைக்குள் திணித்தார். அது நீள மாலை. அவர் நடைபாதையால் மின்தூக்கிக்குப் போகும்போது மாலையின் அரைவாசி பைக்கு வெளியே தொங்கி ஆடிக்கொண்டு போனது.

அன்றைய சோற்றை யாரும் சாப்பிடவில்லை. பெரியப்பா புதுப்படத்தின் முன்னால் அமர்ந்து, தம்பியின் முகத்தை இவ்வளவு பெரிதாகப் பார்த்ததேயில்லை என்று சொல்லி, பிள்ளைபோல அழுதார். அதைச் சுவரில் மாட்டவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. துணியில் சுற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்தோம்.

ஒரு தவறுதானே, தெரியாமல் செய்தது, விளக்கினால் தீர்ந்துவிடும் என்று நான் நம்பினேன். பெரியப்பாவே இரண்டு கிழமையில் தொலைபேசி எடுத்து, "அந்த மனுசன் வேணுமெண்டு செய்யல்ல. அவள் ஓமெண்டா நான் தடையா நிக்கமாட்டன்" என்றார். அதை அம்மாவிடம் சொன்னேன். "அவரு பாவம்" என்றார். யார் பாவம் என்று கேட்டதற்கு, எழுந்து கோப்பைகளைக் கழுவப் போய்விட்டார். அந்தக் கிழமையே மேற்பார்வையாளரிடம் கேட்டு, துவாய் மடிக்கும் பகுதிக்கு மாறிக்கொண்டார். துவாயை ஒருவரே மடிக்கலாம். அங்கிள் பலமுறை அந்தப் பக்கம் வந்து நின்றாராம். அம்மா வேலையை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டுவாராம். பிறகு அவருக்கு ஓய்வுபெறும் வயது வந்தது. கேக் வெட்டினார்களாம். அம்மா அன்று லீவு போட்டார்.

வருடங்கள் போயின. எனக்கு வேலை கிடைத்தது, கார் வந்தது. அப்பாவின் சின்னப் படம் மாலையில்லாமல் அதே இடத்தில் தொங்கியது. போன இலையுதிர்காலத்தில், அம்மாவோடு வேலை செய்யும் ஒரு பெண் செய்தி கொண்டுவந்தார்: அங்கிளுக்குப் பக்கவாதம், அதோடு நினைவும் குழம்பிவிட்டது, மகள் தன் வீட்டுக்கு அருகே அஜக்சில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருக்கிறார். சனிக்கிழமை காலையில் அம்மா, "நாளைக்கு என்னைய அங்க கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டார்.

நெடுஞ்சாலை முழுவதும் அவர் மடியில் சொதிப் பாத்திரத்தை வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இல்லத்தின் தரிப்பிடத்தில் காரை நிறுத்திய பிறகும் இறங்கவில்லை. முன்கண்ணாடியில் மழை விழுந்துகொண்டிருந்தது. என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அண்டைக்கு அந்த மாலையக் கண்டதும் எனக்குக் கோவம் வரல்ல மகள். எல்லாரும் நான் கோவத்தில விட்டன் எண்டு நினைச்ச. கோவம் இல்லகா."

"மறுகா ஏன் விட்டீங்க?"

"மனசு லேசாகிட்டு."

எனக்கு விளங்கவில்லை. அவர் பாத்திரத்தின் மூடியை அழுத்தினார்.

"ஒன்ட அப்பா மாலையோட இரிக்காரு. அப்ப முடிஞ்சிது, இனித் தேடத் தேவையில்ல, இனி ஒருத்தர்ட்டயும் கேக்கத் தேவையில்ல எண்டு ஒரு கணம் நெஞ்சு லேசாப் போயிட்டு. அப்பாடா எண்டு இரிந்துது. நான் நினைச்சதுதான். வேற ஆரும் நினைக்கல்ல. கட்டின புருசன் செத்துட்டான் எண்டதும் லேசாகின நெஞ்சோட நான் எப்பிடி இன்னொரு வீட்டுக்குப் போற? அந்த மனுசன்ட மூஞ்சயப் பார்க்கிற நேரமெல்லாம் அது நினைவுக்கு வரும்."

இத்தனை வருடமும் அதை மனதுக்குள் தனியாக வைத்திருந்திருக்கிறார். அது குற்றம் இல்லை அம்மா, அது களைப்பு என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் அவர் தலையாட்டுவார், ஆனால் உள்ளே போகாது. அவர் கதவைத் திறந்தார்.

"இப்ப அவருக்கு ஒண்டும் நினைவில்லயாம். மாலையும் நினைவிரிக்காது. அதான் வந்த."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போகிறோம். அந்த இடத்தில் காய்ந்த உணவின் மணமும் கிருமிநாசினியின் மணமும் கலந்திருக்கும். அங்கிள் யன்னலோரம் சக்கர நாற்காலியில் இருப்பார். வலது கை மடியில் ஒரு பொருள்போலக் கிடக்கும். அம்மா சொதியில் இடியப்பத்தை ஊறவைத்துக் கரண்டியால் ஊட்டுவார். கட்டில் விரிப்பில் சுருக்கம் இருந்தால் எழுந்து இழுத்துவிடுவார். தாதிமார் கேட்டால், ஒன்றாக வேலை செய்தவர் என்பார். அந்த மாடியில் பல கிழவர்களுக்கு மனைவிமார் வந்துபோகிறார்கள். அவர்கள் மருத்துவரோடு பேசலாம், கடதாசியில் கையெழுத்து வைக்கலாம், கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் படுக்கலாம். அம்மாவுக்கு அந்த உரிமை ஒன்றும் இல்லை. பார்வையாளர் நேரம் முடிந்ததும் எழும்ப வேண்டியவர். அங்கிளிடமிருந்து பாட்டும் போய்விட்டது. அம்மா ஒருதரம் மெல்ல அந்த மாரியம்மன் பாட்டைப் பாடிப் பார்த்தார். அங்கிள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்.

முதல் சில ஞாயிறுகளில் அவர் அம்மாவைத் தாதியென்று நினைத்து நன்றி சொன்னார். போன கிழமை நாங்கள் போனபோது அவருடைய மகளும் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், களைத்த முகம். அம்மா உள்ளே நுழைந்ததும் அங்கிளின் கண் விரிந்தது. இடது கையை நீட்டி, ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மகளின் முகம் சட்டென்று மாறியது. அது இறந்துபோன அவருடைய தாயின் பெயர்.

"டாடி, இது மம்மி இல்லை. மம்மி போய்விட்டா, நினைவிருக்கா? மம்மி..." என்று அவர் தொடங்க, அம்மா கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். பிறகு அந்த நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தார்.

அங்கிள் அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். கோபித்துக்கொண்ட சின்னப்பிள்ளையின் குரலில், இவ்வளவு காலமும் நீ எங்கே போயிருந்தாய், பெண்ணே என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அம்மா யாரிடம் கேட்பதற்காக இத்தனை வருடம் வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே தரிப்பிடத்தில் என் கார் நின்றது.

"பஸ் லேட்" என்றார் அம்மா.